தண்ணீர் குடிக்காத ஆயாம்மா

பள்ளிக்கூடத்தில் இருக்கும் வரை ஆயாம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். வருடக்கணக்காக எல்லோரும் பார்த்த வழக்கம் அது. தேநீர் வந்தால் தன் டம்ளரை வாட்ச்மேன் பக்கம் நகர்த்திவிடுவாள். வெயிலில் மைதானத்துப் படிகளைப் பெருக்கிவிட்டு வந்து குழாயடியில் முகம் கழுவுவாள்; ஒரு வாய் விழுங்க மாட்டாள். கேட்டால், "தாகம் இல்லப்பா" என்று சொல்லித் துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள்.

பையன்கள் மட்டும் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளி அது. கடல் தாண்டி வந்த குருக்கள் இருவர் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது. பிறகு வந்த முதல்வர்கள் ஆளுக்கொன்றாகக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் சிற்றாலயம் கட்டினார், ஒருவர் விடுதி, ஒருவர் ஆய்வுக்கூடம். கால்பந்துப் பைத்தியமான ஒருவர் மைதானத்தைச் சுற்றிப் படிக்கட்டு எழுப்பினார். அவர்களுடைய படங்கள் கீழ்த் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கின. கண்ணாடி துடைக்கும்போது ஆயாம்மா அவர்களைத் தாடிக்காரர், கோபக்காரர், தூங்குமூஞ்சி என்று தனக்குள் அழைத்துக்கொள்வாள்.

இத்தனை பேர் இத்தனை கட்டியும், இந்தச் சுவர்களுக்குள் ஒரு பெண் வேலைக்கு வருவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பையன்களுக்கு மைதானத்து ஓரம் நீளமாக ஒரு கழிப்பறை இருந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் ஆண்கள்; அவர்களுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒன்று. குருக்களுக்கு மாடியில். மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் வந்தால் தங்குவதற்கென்று இருந்த விருந்தினர் அறைக்குள் பளபளவென்று ஒன்று. அது எப்போதும் பூட்டியே கிடக்கும். கழுவுவதற்கு வரும் ஆளும் ஆண்தான். ஆயாம்மா ஒதுங்குவதற்கு மட்டும் இடமில்லை. வாசலுக்கு எதிரே டயர் கடையும் அச்சகமும். வீட்டுக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அலுவலக வாசல் வரை போனாள். தலைமை எழுத்தர் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்."

அத்தோடு சரி. குடித்தால்தானே தொல்லை என்று குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த வருடத் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், வந்தது. சிற்றாலயம் நிறையப் பையன்கள். முதல்வர் ஃபாதர் பிரசங்கத்தில், "ஒறுத்தல்னா என்னன்னு புத்தகத்துல தேடாதீங்க. நம்ம தாழ்வாரத்துல பாருங்க" என்று தொடங்கி, வேலை முடியும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாத ஓர் எளிய பெண்ணைப் பற்றிப் பேசினார். அத்தனை தலைகளும் பின்வரிசைப் பக்கம் திரும்பின. ஆயாம்மா கூனிக் குறுகிக் குனிந்தாள். அதையும் தாழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து அவளுக்குத் 'தவசி' என்று பெயர். பரீட்சை வந்தால் பையன்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

"ஆயாம்மா, நாளைக்குக் கணக்கு. எனக்காகவும் கொஞ்சம் தண்ணி குடிக்காம இருங்க."

"நீ நாலு கணக்குப் போட்டுப் பாரு, போ."

ஆசிரியர்கள் படியில் ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனவள் அவள். அதுவரை அவளைக் காட்டி யாரும் நல்லதாக நாலு வார்த்தை பேசியதில்லை. கூச்சம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றாலும், உள்ளுக்குள் இனித்தது.

அடிவயிற்று வலிக்கு அந்த இனிப்பு தெரியவில்லை. காய்ச்சலும் சேர்ந்து படுத்தியபோது நாத்தனார் அவளை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"எங்க அண்ணி தண்ணியக் கண்ணால பாக்கிறதோட சரி" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "யூரின்ல திரும்பத் திரும்ப இதே கிருமி வருது. இப்படியே போனா கிட்னி போயிடும். வேலை பாக்கிற இடத்துல வசதி கேளுங்க. இல்லேன்னா வேலைய விடுங்க."

பஸ்ஸில் நாத்தனார் வாயை மூடவில்லை. "புனிதை ஆகணும்னா முதல்ல சாகணும் அண்ணி. அதுக்கா இந்த அவசரம்?"

ஆயாம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டால் பிரசங்கம் பொய்யாகிவிடும். ஃபாதர் முகத்தில் எப்படி விழிப்பது? வேலையை விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை முதல்வர் அறைக்குப் போனாள். மேசையில் ஒரு வரைபடம் விரிந்திருந்தது. பள்ளியின் நூற்றாண்டுக்கு வாசலில் வளைவு கட்டப் போகிறார்கள். கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரதர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வேலைய விட்டுடலாம்னு இருக்கேன் ஃபாதர்."

"ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல ஃபாதர். உடம்பு சரியில்ல. டாக்டரம்மா தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்போ குடிங்க. உடம்பு முடியலன்னா நோன்பு வேண்டாம்னு திருச்சபையே சொல்லுது."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அது நோன்பு இல்ல ஃபாதர்" என்றாள். "ஒதுங்க இடம் இல்ல."

பிரதர் வரைபடத்தைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா ஃபாதர்."

"கோயில்ல நான் பேசினப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நல்லா இருந்துச்சு ஃபாதர். அதான் சொல்லல."

ஃபாதருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும்விட்டது. பிறகு பிரதரிடம் கையை நீட்டினார். "விருந்தினர் அறைச் சாவியக் கொடுங்க."

"ஆயர் வந்தா, ஃபாதர்?"

"மாடிக்குப் போகட்டும். அவருக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

சாவி கைக்கு வந்தது. ஆயாம்மா நகரவில்லை.

"அசெம்பிளியில ஒண்ணும் சொல்லிடாதீங்க ஃபாதர்."

"நான் தப்பாச் சொன்னத நானே திருத்தணும் இல்லையா?"

"பசங்க முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம் ஃபாதர். கால்ல வேணா விழறேன்."

"சரிம்மா. என் தப்ப நானே வச்சுக்கிறேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருடம் ஒரு கணக்கு டீச்சர் வேலைக்கு வந்தார். அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியை. முதல் நாளே, "லேடீஸ் டாய்லெட் எங்க இருக்கு?" என்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். தலைமை எழுத்தர் ஆயாம்மாவைக் கைகாட்டினார். இவ்வளவு லேசாகக் கேட்டுவிட முடியுமா என்று ஆயாம்மா அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார். தாழ்வாரத்தில் அவர் படமும் மாட்டியாயிற்று. இப்போது பள்ளியில் ஆறு ஆசிரியைகள் இருக்கிறார்கள், கழிப்பறை ஒன்றுதான். இடைவேளையில் வரிசை நிற்கிறது. இன்னொன்று கட்டித் தரச் சொல்லி அவர்கள் புதிய முதல்வரைப் பார்க்கப் போனபோது ஆயாம்மாவும் கூடப் போனாள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் வேலை தொடங்கவில்லை.