சந்தன மொட்டை

தாயம்மாள் முதன்முதலில் அடித்தது தன் புருஷனைத்தான். நாள் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு வந்தவளிடம் சோறு ஏன் ஆறிப்போச்சு என்று கேட்டுக் கை ஓங்கினான். அவள் கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடியாலேயே அவன் முன்பல்லை உடைத்தாள். அதற்குப் பிறகு சாகும் வரை அந்த மனுஷன் ஆறின சோற்றைத்தான் தின்றான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் கரும்பு வெட்டும் கூட்டத்தில் மேஸ்திரிகள்கூட அவளிடம் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. கரும்புத் தோகை கீறிய வீக்கம் என்று ஒரு வருஷம் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொன்னார்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு அறுத்து எடுக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்து, படுக்கையில் விழுந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். அப்படித்தான் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் மருந்துக்கே முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மற்றவர்கள் அழுவார்கள். இவளுக்குக் கோபம்தான் வந்தது.

"மருந்து எதுக்குக்கா எடுத்துக்கினு போவணும்? முருகன் எடுத்துக்கட்டும்" என்று மிச்ச முடியோடு திருத்தணி மலைக்கு ஏறினாள். மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆந்திராவிலிருந்து வண்டி வண்டியாக வந்து மொட்டை போட்டுக்கொண்டு போகிற ஊர் இது. சந்தனம் காயாத மொட்டையைப் பார்த்தால் இப்போதுதான் மலையிலிருந்து இறங்குகிறார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மருந்துக்குக் கட்டி சுருங்கியது. அறுக்க நாள் குறித்தார்கள். அந்த மார்ச் மாதம்தான் கொரோனா என்று நாட்டையே பூட்டினார்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை, மலையில் கோயிலும் பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டால், "ஆபரேஷன் எல்லாம் தள்ளி வச்சிருக்கு, நாங்களே கூப்பிடுறோம், வீட்டுலயே இருங்க" என்றார்கள்.

கட்டிக்கு ஏது ஊரடங்கு? திரும்பப் பெருத்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பூக்கோசு மாதிரி பிளந்த சதை. தொட்டால் ரத்தம், தொடாவிட்டால் சீழ். நாற்றத்துக்கு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். வலி மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. வலி வந்தால் சுவரைக் குத்துவாள். சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது, விரல் முட்டியிலும் தோல் இல்லை.

"கெங்கக்கா, எங் கத்தியாலயே அறுத்துப் போட்டுடு" என்றாள் ஒரு நாள்.

"துருப்பிடிச்ச கத்தியில அறுத்தா சீழ் வெக்கும். மூடிக்கினு கெட" என்றேன்.

"அப்போ கழுவிட்டு அறு."

ஜூன் மாதத்தில் ஃபோன் வந்தது. திங்கட்கிழமை காலையில் வந்துவிட வேண்டும், வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது. புண் இருந்த இருப்புக்கு இன்னொரு தள்ளிவைப்பை அவள் உடம்பு தாங்காது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அரக்கோணத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஜலால் தன் ஆம்னி வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று பேருக்கும் பாஸ் ஃபோனில் வந்துவிட்டது. கிளம்பும் முன் அவள் பையைப் பார்த்தேன். புடவைக்கு நடுவில் கத்தி. எடுத்து வெளியே வைத்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி உள்ளே வைத்துவிட்டாள். உச்சந்தலை எரிகிறது, முருகனுக்கும் நினைவிருக்கட்டும் என்று அரும்பியிருந்த முடியையும் மழித்து, மொட்டையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டாள். குளிர்ச்சிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மெயின் ரோட்டைத் தகரம் அடித்து மறித்திருந்தார்கள். மணவூர்ப் பக்கமாகக் கிராமத்து வழியில் திரும்பினோம். ஒரு ஊர் முனையில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். கழியும் கையுமாகப் பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்றவனை மற்றவர்கள் பூபாலன் என்று கூப்பிட்டார்கள்.

ஜலால் ஃபோனை நீட்டினார். "பாஸ் இருக்குப்பா. ஆஸ்பத்திரி கேஸு."

"பாஸெல்லாம் போலீசுக்குக் காட்டு. இங்க நாங்கதான் போலீசு" என்று பூபாலன் உள்ளே குனிந்தான். சந்தன மொட்டையைப் பார்த்ததும் கத்தினான். "டேய், ஓடியாங்கடா! மலைல திருட்டுத்தனமா மொட்ட அடிக்கறாங்கன்னு சொன்னேன் இல்ல? ஆந்திராலருந்து நோவக் கொண்டாந்துட்டாங்க. பாய் வண்டில வேற!"

"நோவு இருக்கறது நெஜந்தான். ஒட்டிக்கற நோவு இல்ல. புத்து. விடு, நேரமாவுது" என்றேன்.

"கெயவி, நீ சும்மா இரு. யம்மா, கீழ எறங்கு."

"இதே ஊரு பக்கந்தான்டா நானு" என்றாள் தாயம்மாள்.

அவன் கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும். "ஒரேய், செய்யி தீய்ரா!" என்று சீறினாள். கையை எடுடா என்றுதான் சொன்னாள். அவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

முன்கண்ணாடி நொறுங்கி என் மடியில் கொட்டியது. ஜலாலைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துத் தரையில் போட்டு மிதித்தார்கள். ஒருவன் கழியை இரண்டு கையாலும் ஓங்கி அவர் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பூபாலன் கழி முனையால் தாயம்மாளைக் குத்தினான். இடது மார்பில்.

ரத்தம் கட்டைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டி, புடவை மடிப்பில் ஓடியது. அவள் பையோடு கீழே இறங்கினாள். முந்தானையைத் தள்ளி, ரவிக்கையைக் கிழித்து, நான் போட்ட கட்டைப் பிய்த்து எறிந்தாள்.

"பாத்துக்கோ! கிட்ட வந்து பாரு! ஆந்திராலருந்து கொண்டாந்தது இதான்!"

நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டிப் போய் அவர்களை அடித்தது. ஒருவன் முள் மேலேயே வாந்தி எடுத்தான். பூபாலன் பின்வாங்கப் பார்த்தான். அதற்குள் பையிலிருந்து வந்த கத்தியின் பிடி அவன் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமுமாகத் துப்பினான். அடுத்த மூச்சில் அவன் தலைமயிர் அவள் கையில் இருந்தது, கத்தி முனை அவன் கழுத்தில் இருந்தது. வருஷக்கணக்காகக் கரும்பை ஒரே வெட்டில் சாய்த்த கை அது.

"முள்ள எடுங்கடா."

ஒருவன் கழியால் தள்ளப் போனான்.

"கையால!" என்றாள்.

கையால் எடுத்தார்கள். முள் உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அவள் கத்தியை அவன் கழுத்தில் வைத்திருந்தாள், நான் துண்டைச் சுருட்டி அவள் மார்பில் வைத்து முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையும் அசையக் கூடாது, என் கையும் அசையக் கூடாது. அசைந்தால் ரெண்டு பேரில் ஒருவர் செத்திருப்பார்.

வழி திறந்ததும் பூபாலனை முள்குவியலில் தள்ளிவிட்டு ஏறினாள். ஜலாலும் எழுந்து வந்து ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணாடி இல்லாத வண்டியில் காற்று முகத்தில் அறைந்தது.

"பாய், கை வலிக்குதா?" என்றாள்.

"இல்லக்கா, சொகமா இருக்குது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தக் கத்திய மட்டும் என் பக்கம் நீட்டாத. நானு ஏற்கெனவே ஓட்டிக்கினுதான் இருக்கேன்."

ஆஸ்பத்திரிக்குள் போனபோது மத்தியானம். மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமலே சொன்னாள். "காலையில வரச் சொன்னோம். அந்த இடத்தை இன்னொருத்தருக்குக் குடுத்தாச்சு. அடுத்த தேதி ஃபோன்ல சொல்லுவாங்க."

தாயம்மாள் அப்படியே சரிந்தாள். நான் அமுக்கிக்கொண்டிருந்த துண்டு நழுவியது. ரத்தம் தரையில் ஓடி மேஜைக் காலைத் தொட்டது. அந்தப் பக்கம் போன டாக்டர் அதை மிதித்து வழுக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு யாரும் தேதி பேசவில்லை. நிற்காமல் கொட்டுகிற ரத்தத்தைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. கொரோனா சோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் அன்றைக்கே அறுத்து எடுத்தார்கள்.

பூபாலன் குத்திய குத்துதான் அவளை வரிசையில் முன்னால் கொண்டுபோனது. அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல மாட்டேன். ஜலாலுக்கு இன்றைக்கும் அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க வராது.

காயம் ஆறியதும் மறுபடி மருந்து ஏற்றச் சொன்னார்கள். முளைத்துக்கொண்டிருந்த முடியும் கொட்டியது. ஊரடங்கு தளர்ந்து மெயின் ரோடு திறந்தாகிவிட்டது. ஆனாலும் அடுத்த மருந்துக்கு மணவூர்ப் பக்கமாகத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். வேண்டாம் என்று நானும் சொன்னேன், ஜலாலும் சொன்னார். கேட்கிற ஜென்மமா?

அதே ஊர் முனை. முள் இல்லை. டீக்கடை வாசலில் பூபாலன் கிளாஸோடு நின்றிருந்தான். முன்வாய் பொக்கை.

"நிறுத்து பாய்" என்றாள்.

புடவைத் தலைப்பை இறக்கி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். காலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.

"டேய், நல்லாப் பாத்துக்கோ. இன்னும் நாலு தபா இதே மொட்டையோட இதே வழியாத்தான் வருவேன்."

அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினான்.

"ஆங், போலாம்" என்றாள் ஜலாலிடம்.