பொங்கும் முன் குளிர்ந்த அடுப்புகள்

சென்ற பங்குனியில் ஒரு புதன்கிழமை காலை நடந்தது இது. நாமக்கல்லில் இருந்து மோகனூர் பக்கம் வரும் சாலையில், ஒரு எடைமேடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அவசர உதவி மையம். இன்றைக்கு இதை எழுத உட்காரும்போதும் எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

முதலில் எங்கள் மையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்து லாரி உரிமையாளர்கள் சேர்ந்து நடத்துவது. சில ஆம்புலன்ஸ்கள், கவிழ்ந்த வண்டியைத் தூக்கும் கிரேன்கள், இரவு பகலாக அடிக்கும் போன்கள். யாருக்கு என்ன ஆயிற்று, எங்கே என்று கேட்டு, யாரை அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் எங்கள் வேலை. தை மாதம்தான் என்னை மையத்தின் பொறுப்பாளராக ஆக்கியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டி லோடு ஏற்றுகிறவர். அம்மா களை எடுக்கப் போவார். என் வேலையை அம்மா ஊரில் சொல்வது ஒரே மாதிரிதான்: "புள்ள போன் எடுக்கற வேலைக்குப் போவுது." எனக்குக் கோபம் வரும். பொறுப்பாளர் என்றால் என்ன என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரி, அந்தப் போனைத்தான எடுக்கற?" என்பார். ஆனால் எனக்குப் பதவி கிடைத்த அன்றே மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டதும் அதே அம்மாதான்.

அந்தப் பொங்கல்தான் அன்று. பங்குனியில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் நோம்பி என்கிற திருவிழா. மையத்தில் பாதிப் பேர் லீவு. பொறுப்பாளரே லீவு போட முடியுமா? முதல் நாள் அம்மா இரண்டு முறை போன் செய்து திட்டிவிட்டார். "உனக்காக நேந்துக்கிட்டு நீயே வரலீன்னா ஆத்தா என்ன நெனைப்பா" என்றார். ஆத்தாளுக்கு என் டூட்டி சார்ட் தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டார்.

காலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. ஒரு டேங்கர் ஓட்டுநர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அம்மணி, கேஸ் டேங்கர் சாஞ்சு போச்சுங்க. டயர் வெடிச்சிருச்சு. வால்வுகிட்ட வெள்ளையாப் பொகையாட்டம் வருதுங்க."

எங்கே என்று கேட்டேன். அவர் சொன்ன திருப்பம் எனக்கு மனப்பாடம். கரடு என்கிற சின்னப் பாறைக்குன்றைத் தாண்டி, ஏரிப் பள்ளத்துக்கு மேலே. எங்கள் ஊர்.

அவருக்குப் பெரிய அடி இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு வெகுதூரம் ஓடி வந்த பிறகுதான் போனைத் தொட்டிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் சாலைக்குக் குறுக்கே வண்டிகளைப் போட்டுப் போக்குவரத்தை மறித்துவிட்டார்களாம். நான் தீயணைப்பு நிலையத்துக்கும் போலீசுக்கும் தகவல் கொடுத்து, மின்வாரியத்திடம் எங்கள் ஊர் லைனை நிறுத்தச் சொன்னேன். ஆம்புலன்ஸ்களைத் தள்ளி நிறுத்தி வைத்தேன். இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. கை தானாகச் செய்தது.

எங்கள் கிரேன்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முன்பு கேஸ் டேங்கர் ஓட்டியவர். அவர் ஓட்டுநரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று. பதில் வந்ததும் என்னைப் பார்த்தார்.

"ஊர்ப்பக்கந்தான். கேஸு தண்ணியாட்டம் அம்மணி, பள்ளம் பாத்து எறங்கும். பள்ளத்துல என்ன இருக்குது?"

பள்ளத்தில்தான் மாரியம்மன் கோயில் திடல். அந்த நேரத்தில் அங்கே வரிசை வரிசையாக அடுப்புகள். ஊரே கல் கூட்டி, பனையோலை வைத்து எரித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் முறையைச் சொன்னால்தான் என் நிலைமை புரியும். கோயில் வாசலில் பெரிய வீட்டு அம்மாதான் முதல் அடுப்பைப் பற்ற வைப்பார். அதிலிருந்து நெருப்பு எடுத்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று வரிசை போகும். கடைசி வரிசை எங்களைப் போன்ற கூலிக்காரர்களுடையது. அது சாலைக்குப் பக்கத்தில். பற்றவைத்த அடுப்பு பொங்கி வழிகிற வரைக்கும் அணையக் கூடாது. அணைந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. சின்ன வயதில் நான் ஓலையைத் தள்ளிக்கொண்டே அடுப்பு முன்னால் பயந்துபோய் உட்கார்ந்திருப்பேன், அணைந்துவிடுமோ என்று.

பக்கத்து இருக்கையில் இருந்த பெண், கோயில் மைக்செட்டில் அறிவிக்கச் சொல்லலாமா என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு அந்தத் திடல் கண்ணுக்குள் நின்றது. கொதிக்கிற பானைகள், புதுச் சேலைகள், ஓடியாடும் குழந்தைகள், வெளியேற ஒரே ஒரு வண்டிப்பாதை. கேஸ் என்று மைக்கில் ஒரு வார்த்தை வந்தால் போதும், நெருப்புக்குள்ளேயே விழுவார்கள். தப்பித்துப் போக யாராவது பைக்கை உதைப்பார்கள். அந்தப் பொறி போதும். வேண்டாம் என்றேன். பெரிய வீட்டு எண்ணுக்கு அடித்தேன். மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? பூசாரி கோயிலுக்குள் போன் கொண்டுபோக மாட்டார்.

அம்மாவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வாரியா சாமி? இப்பத்தான் தண்ணி கொதிக்குது."

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. ரோட்டு மேல கேஸ் லாரி கவுந்து கெடக்குது. கேஸு உங்க பக்கம் வருது. எல்லா அடுப்பையும் அணைக்கணும். யாரும் கத்தக் கூடாது, ஓடக் கூடாது."

மேளத்துக்கு மேல் அம்மாவின் குரல் வந்தது.

"பொங்கறதுக்கு முன்ன அணைச்சா ஆகாது கண்ணு. நானே அணைச்சாலும் மத்தவங்க ஒத்துக்குவாங்களா? அதும் நான் போய்ச் சொன்னா?"

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசைக்காரி முதல் அடுப்பிடம் போய் அணை என்று சொல்வதா?

எப்படி வந்தது என்று தெரியவில்லை, என் வாயில் இருந்து வந்தது. "அணைக்க வேண்டாம்மா. குளிர வையுங்க. மஞ்சத்தண்ணி இருக்குதில்ல? ஆத்தா குளிரணும்னு சொல்லி ஊத்துங்க."

மாரியம்மன் வெப்பத்துக்குச் சொந்தக்காரி. அவளைக் குளிர வைப்பதற்காகத்தான் வேப்பிலை, கூழ், இளநீர் எல்லாம். ஒவ்வொரு அடுப்புக்கும் பக்கத்தில் ஒரு குடம் மஞ்சள் நீர், வேப்பிலை போட்டு, பூசைக்காகத் தயாராக இருக்கும்.

அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டார் போல. சேலை உரசும் சத்தம். பிறகு 'சுர்ர்ர்' என்று ஒரு நீண்ட சத்தம். எனக்காக வைத்த பொங்கல் அடுப்பு குளிர்ந்துவிட்டது. உடனே அம்மாவின் குலவை. கல்யாணத்துக்குக்கூட அம்மா அவ்வளவு ஓங்கிக் குலவை போட்டு நான் கேட்டதில்லை. பக்கத்தில் யாரோ கேட்டார்கள், அம்மா சொன்னார், "ஆத்தா குளிரணுமாம், ஊத்துங்க." இன்னொரு சுர்ர். இன்னொரு குலவை. நான் மையத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அண்ணனும் அந்தப் பெண்ணும் என் போனில் காது வைத்து நின்றார்கள்.

அம்மா நடந்துகொண்டே இருந்தார். மைக்செட்டுக்காரரிடம் ஜெனரேட்டர் மோட்டாரை நிறுத்து சாமி என்றார். பாட்டு நின்றது. பிறகு பெரிய வீட்டு அம்மாவின் குரல், தெளிவாக.

"ஏனாத்தா, ஆரு சொன்னது இப்படிப் பண்ணச் சொல்லி?"

"எம்புள்ளதானுங்க. ஆபீசுல இருந்து சொல்லுதுங்க. ரோட்டுல கேஸு லாரி கவுந்திருச்சாமுங்க. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மொல்லமாக் கரட்டு மேல ஏறச் சொல்லுதுங்க." அதை அம்மா அவர் காதருகே சொல்லியிருக்க வேண்டும், குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. கரட்டின் மேல் ஏறச் சொல்லி நான் சொல்லவே இல்லை. மேடு பார்த்துப் போக வேண்டும் என்று அம்மாவே முடிவு செய்துவிட்டார்!

பெரிய வீட்டு அம்மா என்ன சொல்லப்போகிறார்? முதல் அடுப்பு, ஊருக்கே நெருப்புக் கொடுத்த அடுப்பு, சுர்ர் என்றது. அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. திடல் முழுக்கச் சுர்ர், திடல் முழுக்கக் குலவை.

அண்ணன் என் தோளைத் தட்டினார். "போனை அணைக்கச் சொல்லு அம்மணி. அங்க ஒரு போனும் உயிரோட இருக்கப்படாது."

அதுதான் அன்றைக்கு எனக்குக் கஷ்டமான வேலை. அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், கடைசியில் இடுப்பில் இருந்து போனை எடுத்தார். அம்மா, எல்லாரும் போனை அணைச்சுருங்க, நீங்களும்தான் என்றேன். "செரி, வெச்சிரட்டா?" என்றார், கடையில் சாமான் வாங்கும்போது என்னிடம் கேட்பது போல. வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நானே நிறுத்தச் சொன்ன சத்தம். எடைமேடையில் யாரோ லாரியை ஏற்றும் அதிர்வு மட்டும் தரையில் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. போன் அடித்தது. கோழிப்பண்ணையில் ஏணியில் இருந்து ஒருவர் விழுந்து இடுப்பு அசையவில்லை என்றார்கள். எங்கே, நினைவு இருக்கிறதா, அவரை நகர்த்தாதீர்கள் என்று அதே குரலில் கேட்டேன், அதே குரலில் சொன்னேன். வண்டி அனுப்பினேன். அடுத்த போனை எடுத்தேன்.

தீயணைப்பு வீரர்கள் டேங்கர் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். கேஸ் நிபுணர்கள் வந்து மதியத்துக்குள் வால்வை அடைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு காயம் இல்லை. அங்கிருந்து பேசிய தீயணைப்பு அலுவலர், திடலில் கேஸ் வாசம் முழங்கால் உயரத்துக்கு நின்றது, அடுப்பெல்லாம் ஈரச் சாம்பலாகக் கிடந்தது, யாரம்மா அணைக்க வைத்தது என்று கேட்டார். ஆத்தாதான் சார் என்றேன். அவர் அம்மன் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நான் என் அம்மாவையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கரட்டில் இருந்து இறங்கியதும் அம்மா போன் செய்வார் என்று காத்திருந்தேன். போன் வரவில்லை. சாயங்காலம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா. எங்கள் மையத்துக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. கையில் தூக்குச் சட்டி. திறந்தால் பாதி வெந்த அரிசி, பாதி மஞ்சள் நீர், மேலே ஒரு வேப்பிலை.

"நேந்தது வீணாப் போவக் கூடாதில்ல. இங்கயே வேக வெச்சுக்கலாம்."

மையத்தில் டீ போடும் மின்சார அடுப்பில் அதை மறுபடி கொதிக்க வைத்தோம். பால் ஊற்றினோம், வெல்லம் போட்டோம். அப்படியும் கசந்தது. அண்ணன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். பெரிய வீட்டு அம்மா அடுத்த புதன்கிழமை மறுபடியும் பொங்கல் வைக்கச் சொல்லியிருப்பதாகவும், ஆபீசுக்காரப் புள்ளை வந்த பிறகுதான் முதல் அடுப்பைப் பற்ற வைப்பேன் என்றதாகவும் அம்மா சொன்னார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பெரிய விஷயமில்லை போல.

பிறகு என் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "இதுதான் அந்தப் போனா?" என்றார். தொடவில்லை, கிட்டக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது அடித்தது. அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நான் ஒரு விநாடி தாமதித்துவிட்டேன்.

"எடு சாமி, எடு. ஆரோ காத்துக்கிட்டிருக்காங்க."

இப்போதும் அம்மா ஊரில் என் வேலையைப் போன் எடுக்கிற வேலை என்றுதான் சொல்கிறார், நானும் அதைத் திருத்துவதில்லை. 'அணை' என்பதைக் 'குளிர வை' என்று மாற்றியது போல, மறுமுனையில் இருப்பவரால் செய்ய முடிகிற ஒரு வார்த்தையைத் தேடிக் கொடுப்பதற்காகத்தான் நான் அந்தப் போனை எடுக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.