சேனைக்கு மூன்று பேரீச்சம்பழம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் நோன்பு மாதமும் குற்றாலச் சாரலும் சேர்ந்தே வந்தன. அதில் அதிகம் மகிழ்ந்தவர் என் மச்சான், தங்கையின் கணவர். நோன்புச் சூடு தணியவேண்டும் என்று தினமும் காலை எட்டே காலுக்குத் தென்காசியில் பஸ் ஏறி அருவிக்குப் போவார். நண்பகலில் திரும்பும்போது நோன்பாளியின் வாட்டம் அவர் முகத்தில் துளியும் இராது. அருவித் தண்ணீரின் மகிமை என்று நாங்கள் நம்பினோம்.

அப்போதெல்லாம் பேரீச்சம்பழம் ஓலைப்பாயில் அழுத்திக் கட்டி வரும். கடைக்காரர் கத்தியால் பெயர்த்துத்தான் தருவார். நோன்பு திறக்க ஒற்றைப்படையில் எடுப்பது வழக்கம். ஒட்டிக் கிடப்பதில் ஒன்று எது, இரண்டு எது? எனவே நானே உட்கார்ந்து பிரித்து, ஆளுக்கு மூன்றாகக் கிண்ணங்களில் வைப்பேன். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கைக்கு மட்டும் ஐந்து. ரத்தம் ஊறும் என்று டாக்டரும் அம்மாவும் ஒருமித்துச் சொன்ன ஒரே விஷயம் அது.

ஒருநாள் பிற்பகல் ஒன்று பத்துக்கு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பாலுக்கு முன்னால் சேனை வைக்கவேண்டும். பேரீச்சம்பழத்தை ஒருவர் மென்று குழைத்துக் குழந்தையின் வாயில் தடவுவதுதான் எங்களுக்குச் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அம்மாவின் உறுதி, தங்கையின் பயம்.

"எங்க மாமாதான் வைக்கணும்" என்றாள் அவள். யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர் அவளுடைய மாமனார். மகனோ ஊரறிந்த வாயாடி.

மாமா பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கினார். "நோன்பு வச்சிருக்கேனே தாயி. மென்னா முறிஞ்சிராதா?"

நோன்பு திறக்க இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது. குழந்தை பசியில் வீறிட்டது. நான் பள்ளிவாசலுக்கு ஓடினேன். தொழவைக்கும் ஹஜ்ரத் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவது முறையல்ல என்று தூணருகே இருபது நிமிடம் நின்றேன். விழித்தவர் ஒரே வரியில் பதில் சொன்னார்.

திரும்பி வந்தபோது மச்சானின் கன்னம் அசைந்துகொண்டிருந்தது.

"என்னய்யா இது, நோன்பு நாளையில?" என்றாள் அம்மா.

"பிள்ள கத்துதே மாமி, சேனைக்குத்தான் மெல்லுதேன். நான் இன்னைக்கு நோன்பு இல்ல. குளிக்கையில அருவித் தண்ணி உள்ள போயிட்டு."

"நேத்து?"

"நேத்தும் போயிட்டு."

"முந்தாநாளு ஐந்தருவிக்குல்லா போனீரு?"

"அங்கனயும் தண்ணிதான விழுது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "பெருநாள் கழிஞ்சதும் விட்ட நோன்ப எல்லாம் பிடிச்சிருய்யா" என்றார், அப்போதும் குரல் உயராமல்.

ஹஜ்ரத் சொன்னதை நான் சொன்னேன்: குழந்தைக்காக மென்று, தொண்டைக்குள் இறங்காமல் வெளியே எடுத்தால் நோன்பு முறியாது.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வைக்க முடியாது. "இத ஒரு அஞ்சு நிமிசம் முந்தி வந்து சொன்னா என்னவே?"

மாமா நிம்மதியாகப் பழத்தின் கொட்டையை எடுக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது.

"மாமா, அவுகளே வைக்கட்டும்."

"ஏட்டி, இவரு குணமா வேணும் உனக்கு?" என்றாள் அம்மா.

"பிள்ள அழுததும் மானத்தப் பாக்காம உண்மையச் சொன்னாகள்லா. அது வந்தாப் போதும்."

மச்சான் முன்னே போனார். போய் நின்றார். வாயைத் திறந்தார், உள்ளே ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில் விழுங்கியிருந்தார்.

இரண்டாவது பழத்தையும் அவர் வாயில் இட்டோம். தும்மலில் அதுவும் போயிற்று. மூன்றாவதை அவர் மெல்ல, நான், அம்மா, மாமா மூவரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மணி இரண்டு பத்துக்குக் குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டியது. தங்கை அவளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.