பந்திப் படங்கள்

"படம் எடுக்கவே தெரியாத பொண்ணு, படத்தத் தேடி எடுத்துடப் போவுதா?"

நான் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் முதலாளி இப்படிக் கேட்டார். லேமினேஷனுக்கு வந்திருந்த ஒருவரிடம்தான் கேட்டார், ஆனால் என் காதில் விழும்படி. நான் உடனே எழுந்து போய், "மூணு மாசம் குடுங்க சார். எந்தப் போட்டோ கேட்டாலும் ஒரே நிமிஷத்துல எடுத்துத் தர்றேன்" என்றேன். என் வாய் அப்படி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் முடித்தேன். பேங்க் படிவமாக இருந்தாலும் மருந்துச் சீட்டாக இருந்தாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் வரும். முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஸ்டுடியோ தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பல வருடத்துப் படங்கள் ஒரு பீரோ நிறைய ஹார்டு டிஸ்க்குகளில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ஒரு வரி: 'ஆவணி ரெண்டாவது முகூர்த்தம், பொண்ணு செங்கம்.' யாராவது பழைய படம் கேட்டு வந்தால் முதலாளி கண்ணை மூடி யோசிப்பார், பிறகு ஒரு டிஸ்க்கை உருவுவார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதி நேரம் வந்தவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

நான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஏற்றினேன். நாங்கள் வாங்கிய மென்பொருள் முகங்களை அடையாளம் கண்டு, ஒரே ஆளின் படங்களை ஒன்றாகச் சேர்த்துவைக்கும். சேர்த்தது. முதல் வாரமே, தாய்மாமன் மடியில் மொட்டையடித்து, சந்தனம் பூசி உட்கார்ந்திருந்த அத்தனை குழந்தைகளையும் ஒரே குழந்தை என்று சேர்த்துவைத்தது.

"ஊர்ல மொத்தமே ஒரே ஒரு கொழந்ததானாமா?" என்று வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் முதலாளி. மொட்டைகளை நான் ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தேன். பத்து நாள் ஆனது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்தது. கல்யாண வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய உட்கார்ந்தால் திரையில் நூற்றுக்கணக்கான முகங்கள் வந்து திணறடிக்கும். ஒரு கல்யாணத்தில் பத்துப் படத்துக்குக் கம்மியாக வருபவர்களை மறைத்துவிடும்படி வடிகட்டி வைத்தேன். மாப்பிள்ளை, பெண், மாமன், அத்தை மட்டும் பளிச்சென்று நின்றார்கள். கண் மூடியவை, குனிந்தவை, கலங்கியவை தனியாகப் போயின. கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகியும் யாரும் தொடாத படங்களை, டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று, மென்பொருளின் குப்பைத்தொட்டிக்குத் தள்ளினேன். முப்பது நாளில் அது தானே காலியாகும். "பரவால்லியே" என்றார் முதலாளி. அந்த ஒரு சொல்லை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன்.

ஒரு பௌர்ணமி அன்று காலையிலேயே தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டதால், அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் நடந்தே வந்து மாடி ஏறினார்கள். மூத்தவர் பேசவில்லை. கூட வந்த அவருடைய நாத்தனார்தான் பேசினார்.

"எங்க அண்ணன் தவறிட்டாரு சார். வர்ற ஞாயித்துக்கிழம பதினாறாம் நாளு. படத்தெறப்பு வெச்சிருக்கோம். பந்தலு சொல்லியாச்சு, மாலைக்குச் சொல்லியாச்சு. படந்தான் இல்ல."

படத்திறப்பில் இறந்தவரின் படத்தை நாற்காலியில் வைத்து, மூடிய துணியை விலக்கி, மாலை போட்டு, ஒவ்வொருவராக நின்று கும்பிடுவார்கள். படம் இல்லாமல் அந்த நாள் இல்லை.

"ஆதார்ல இருக்குமே" என்றார் முதலாளி.

"அதுல அண்ணன் திருடன் மாதிரி இருக்காரு. நீங்களே பாருங்க."

பார்த்தோம். முதலாளி மறுக்கவில்லை. மூத்தவரின் கல்யாணப் படம் மழையில் நனைந்து பல வருடம் முன்பே போயிருந்தது. கணவர் வைத்திருந்தது பட்டன் போன். இருந்த ஒரே நல்ல படம் திருப்பதியில் எடுத்தது, குடும்பத்தோடு, மொட்டைத் தலையோடு.

அப்போதுதான் மூத்தவர் வாய் திறந்தார். "இந்த ஸ்டுடியோ எடுத்த கல்யாணத்துல எல்லாம் அவருதாம்மா சப்ளை. சோத்து வாளி அவரு கையிலதான் இருக்கும். ஒரு போட்டோலகூடவா உழாம இருப்பாரு?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "ஒக்காருங்கக்கா. ஒரு நிமிஷம்."

திருப்பதிப் படத்தைக் கொடுத்துத் தேடினேன். ஊரில் உள்ள மொட்டைகள் அத்தனையும் திரையில் வந்து நின்றன. கைக்குழந்தை முதல் கிழவர் வரை. மூத்தவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் குனிந்து பார்த்து, "இவரு இல்ல. இவரும் இல்ல" என்றார். நாத்தனார் ஒரு கட்டத்தில் அவர் தோளைத் தொட்டு, "அண்ணி, இது பொம்பள" என்றார்.

ஆதார் படத்தைக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சாதம் போடுகிறவர் ஒரு கல்யாணத்தில் ஐந்தாறு படத்தில்தான் வருவார். அதிலும் குனிந்திருப்பார். பத்துக்குக் கம்மியானவர்களை மறைத்தது நான். குனிந்தவர்களை ஒதுக்கியது நான். பந்திப் படங்களை ஆல்பத்துக்கு யாரும் எடுப்பதில்லை, ஆகவே பழைய பந்திகள் எல்லாம் நான் தள்ளிய குப்பைத்தொட்டியில் கிடந்தன. தள்ளிய நாளும் நினைவிருந்தது, அதற்கு முந்தின பௌர்ணமிக்கு மறுநாள்.

"சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்குக்கா. நாளைக்கு வர்றீங்களா?" என்றேன். அவர்கள் இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மூத்தவர் எழவில்லை. "இருக்கோம்மா" என்றார்.

தொட்டியைத் திறந்தேன். முதலில் சோதனைக்காகத் தள்ளிய மூன்று கல்யாணங்கள் ஏற்கெனவே அழிந்து போயிருந்தன. மற்றவற்றுக்கு ஒரு நாள் மீதி என்று காட்டியது. மீட்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. உட்கார முடியவில்லை. மாடிப்படியில் இறங்கினேன், கூட்டத்தைப் பார்த்தேன், திரும்ப ஏறினேன். கோடு நகர்ந்த மாதிரியே இல்லை. மறுபடி இறங்கினேன்.

இரண்டாவது முறை ஏறும்போது முதலாளி படியில் நின்றிருந்தார். "இன்னாச்சு?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவருக்கு அந்த மென்பொருளைத் திறக்கக்கூடத் தெரியாது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அழிந்துபோன மூன்று கல்யாணங்களையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பந்தி போட்டோவ எடுத்த நானே பாக்க மாட்டேன். நீ இன்னா பண்ணுவ" என்றார். பிறகு, "அவங்களுக்கு டீ சொல்லு" என்றார்.

மீட்டு முடிக்க மத்தியானம் ஆனது. வடிகட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி முகத்தைத் தேடினேன். நான்கு படங்கள் வந்தன. நான்கும் வேறு ஆட்கள்.

முகம் தெரியாத ஆளை முகத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. "அவரு சப்ளைக்குப் போறப்ப இன்னா போட்டுக்குவாரு?" என்று கேட்டேன்.

"சமையல் மேஸ்திரி குடுத்த மெரூன் பனியன். எல்லாருக்கும் அதான்" என்றார் மூத்தவர்.

நிறத்தை வைத்துத் தேட அந்த மென்பொருளில் வழி இருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. மெரூன் என்று கொடுத்தேன். மணப்பெண்களின் பட்டுப்புடவைகளாக வந்து கொட்டின. நேரத்தைச் சேர்த்தேன், முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் நேரம் மட்டும். புடவைகள் குறைந்தன. இலைகள் வந்தன, வரிசை வரிசையாக. இலைக்கு முன்னால் நிமிர்ந்து சிரிக்கும் விருந்தாளிகள். அவர்களுக்கு நடுவே முதுகுகள், பிடரிகள், வாளி பிடித்த கைகள்.

மூத்தவர் திரையில் விரல் வைத்தார். "நில்லு. இது அவரு கை."

ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அதில் வெளுத்த தழும்பு.

"சாம்பாரு கொட்டிக்கிச்சு. போன வருசத்துக்கு முந்தின வருசம்" என்றார் நாத்தனார்.

அந்தக் கல்யாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். முதுகு. முதுகு. அரைக் கன்னம். ஏழாவதில் அவர் நிமிர்ந்திருந்தார். பந்தியில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும்; கையில் வாளியோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், கண் பாதி மூடி. அதன் ஓரத்தில் 'கண் மூடியது' என்று மென்பொருள் போட்ட சின்னக் குறி.

மூத்தவர் முந்தானையால் திரையைத் துடைத்தார், தூசி இருந்த மாதிரி.

"இப்படியே பெருசாப் போட்டுடலாங்க்கா" என்றேன். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது. "வாளியோட. அவரு வேலையில இருந்த மாதிரியே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாளிய எடுத்துடும்மா. செத்தப்புறமும் சோறு போட்டுட்டே இருக்கணுமா அவரு?"

"வெள்ளச் சட்ட போடுங்க" என்றார் நாத்தனார். "காலரு வெச்சது. பின்னாடி நீலம்."

முதலாளி என் இடத்தில் உட்கார்ந்து வாளியை எடுத்தார், மெரூனை எடுத்தார், இலைகளை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சட்டையும் நீலமும் புதிதாக, நடுவில் அந்தச் சிரிப்பு மட்டும் பந்தியிலிருந்து வந்ததாக இருந்தது. மூத்தவர் பிரிண்ட்டை வாங்கி, புடவைத் தலைப்பில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். கூட்டத்தில் அவர்கள் கோபுரத்தின் பக்கம் திரும்பும்வரை பார்த்தேன்.

அதன் பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்துப் படம் என்ற கணக்கை அழித்தேன். குப்பைத்தொட்டி தானே காலியாவதை நிறுத்தினேன். பந்தி, சமையல்கட்டு, பந்தல் என்று தனித்தனிப் பிரிவு வைத்தேன். அப்படியும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பெயர் போட்டுத் தேடலாம். சோறு போடுகிறவர்களுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாதவர்' என்று மென்பொருள் போட்டிருந்தது. அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்தால், மறுபடியும் யாராவது தழும்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பேரு போடணும் சார்" என்றேன்.

"சப்ளைக்கு வந்தவன் பேரப் போட்டு யாரு தேடப் போறா?"

"இப்பதான் ரெண்டு பேரு தேடிட்டுப் போனாங்க."

அவர் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன முகூர்த்தத்துக்கு, வேங்கிக்கால் தாண்டி ஒரு மண்டபத்தில் வேலை. தாலி கட்டுவதைப் படமெடுக்க முதலாளி மேடையில் காத்திருந்த நேரத்தில், நான் பின்பக்கமாகச் சமையல்கட்டுக்குப் போனேன். 'தெரியாதவர்' முகங்களை எல்லாம் ஒரே தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். மெரூன் பனியன் போட்டவர்கள் இலை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, கேஸா?"

இல்லை என்று சொல்லி, எதற்கென்றும் சொன்னேன். சாமி ஆடியவர் மாதிரி தலையை ஆட்டிச் சிரித்தார். "சாவுறதுக்கு முன்னாடியே படம் ரெடி பண்றியா?" என்றவர், ஈரக்கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு தாளின் மேல் விரலை ஓட்டினார். மூன்றாவது வரிசையில் தன்னைக் கண்டுபிடித்ததும் விரல் நின்றது. இனிஷியலோடு பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு அவரே பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். தாளைச் சுற்றி ஈரக்கைகள் வந்தன. முதல் பந்திக்கு இலை போடுவதற்குள் பதினொரு பெயர்கள் எழுதியிருந்தேன்.