கடலைப் பார்த்து நின்றவர்கள்

மகன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து புதுப் பந்துக்குக் காற்றடித்தான். அந்த ரப்பர் வாசம் என்னைச் சுனாமிக்கு அடுத்த வருடத்துக்கு இழுத்துப் போனது. பிள்ளைகளே, அந்த வருடம் எங்கள் ஊர்க் கால்பந்து அணி ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. கோல் கீப்பர் என் வாப்பா. அவருடைய தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு வாப்பா கடலுக்கு முதுகு காட்டி நிற்கவே மாட்டார்.

இறுதிப்போட்டி கடற்கரை மைதானத்தில். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறவேண்டும்; கடல் வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் வரும். வாப்பா கையுறையைக் கழற்றிவிட்டார்.

பார்க்க வந்த ஊர்க்காரர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

“நீங்க பந்தப் பாருங்க காக்கா. கடல் வந்தா நாங்க சொல்றம், கோல் வந்தா நீங்க சொல்லுங்க!” என்றார், வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒரு மீன் வியாபாரி.

வாப்பா சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினார்.

வெற்றிக் கிண்ணம் எங்களுக்குத்தான். வாப்பா கடைசியில் பாய்ந்து பிடித்த பந்தை கடலைப் பார்த்து நின்றவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இன்றும் கடைத்தெருவில் கண்டால், “எப்படிக் காக்கா புடிச்சீங்க?” என்று அவரிடமே கேட்கிறார்கள்.