வலது பக்க வகிடு

இன்று பலாங்கொடையில் டிவி விற்கும் கடையில் ஒரு பழைய படம் ஓடியது. சாமான் வாங்கப் போன நானும் மனைவியும் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

வயதான பிறகுதான் வாசிக்கக் கற்றவன் நான். படத்தின் பெயரை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்!

பிறகு கதாநாயகன் வந்தார். வகிடு இடது பக்கம்.

எனக்குத் திக்கென்றது. அவரைப் பார்த்துத்தான் இளவயதிலிருந்து நான் வலது பக்கம் வகிடு எடுக்கிறேன்.

"நானா, படம் மாறித் தெரியுதே?" என்று கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம் கேட்டேன்.

"படம் சரிதான் ஐயா. நீங்க எங்க பாத்தீங்க?" என்றார் கடைக்காரர்.

எங்கே பார்த்தேன்? அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காத இளவட்டங்கள் துணிக்குப் பின்னால் உட்காருவோம். அங்கே இடது வலதாகத் தெரியும். எழுத்தும் திரும்பித்தான் இருந்திருக்கும். வாசிக்கத் தெரிந்தால்தானே கண்டுபிடிக்க!

அந்த ஸ்டைலுக்கு மயங்கித்தான் இவள் என்னைக் கட்டினாள் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

"ஒனக்கும் இது தெரியாதா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் முன்னால ஒக்காந்து பாத்தவ. அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா சரியா சீவிக்கிட்டு ஹீரோ மாதிரி திரிஞ்சிருப்பீங்க. அப்புறம் எனக்கு எங்க கெடைச்சிருப்பீங்க?"

இப்போது கண்ணாடி முன்னால் சீப்போடு நிற்கிறேன். "வகிட்டுல கைய வைக்காதீங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வருகிறது.

துணிக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?