கோட்டின் வலப்பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தலைமை ஆசிரியர். உதவி ஆசிரியரும் நானே என்பதால் எங்களுக்குள் சண்டை கிடையாது. மாதம் ஒருமுறை கண்டிக்குப் போய் வாசகசாலையில் கல்விச் சஞ்சிகைகள் படிப்பேன். எழுத்துகளை ராகம் போட்டு ஒப்பிக்க வைப்பதைவிட, பிள்ளைகள் பேசும் வாக்கியங்களையே எழுதிக் காட்டினால் சீக்கிரம் வாசிப்பார்கள் என்று ஒன்றில் கண்டேன்.

உடனே நம்பிவிடலாமா? நான் படித்தவன் ஆயிற்றே. தரையின் நடுவே சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தேன். இடப்பக்கத்துக்குப் புதிய முறை, வலப்பக்கத்துக்குப் பழைய ராகம். ஆறு மாதத்துக்கு யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆராய்ச்சி கெட்டுப்போகும்.

இரண்டாம் மாதமே இடப்பக்கம் வாசிக்கத் தொடங்கிவிட்டது. வலப்பக்கத்திலிருந்து பத்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

“சார், நான் அந்தப் பக்கம் ஒக்காரட்டுங்களா?”

“ஏன், இந்தப் பக்கம் ஒழுகுதா?”

“ரெண்டு பக்கமுந்தான் ஒழுகுது சார்.”

அவளுடைய தாய் கைக்குழந்தையோடு இந்தியாவுக்குப் போயிருந்தாள். தாயின் கடிதங்களைக் கங்காணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்க வாசிப்பாராம்.

“அவங்க அழுது எழுதினாலும் லயமே சிரிக்குது சார். அடுத்த கடுதாசிய நானே படிக்கிறேன்னு அம்மாவுக்குச் சொல்லியனுப்பிட்டேன். இன்னுங் கொஞ்ச நாள்ல கொழுந்து பறிக்க என்னையப் பேர் பதிஞ்சிருவாங்க.”

“நாலு மாசம் பொறு. பெறகு ஒனக்கும் அதே பாடந்தான்.”

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து ராகம் போட்டாள்.

அடுத்த மாதம் பேர் பதிந்தார்கள். ‘விலகியவர் ஒருவர்’ என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். ஆறு மாதம் முடிந்ததும் கண்டியில் ஆசிரியர்கள் கூட்டத்தில் முடிவை வாசித்தேன். புதிய முறையே மேல். கைதட்டினார்கள். கதிரையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுவாரம் அவள் கொழுந்துக் கூடையோடு பள்ளி வாசலில் நின்றாள். கையில் கடிதம்.

“நீங்களே படிங்க சார். மெதுவா.”

எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருந்தது. தம்பிக்குப் பல் முளைத்தது, தாய்க்குக் காய்ச்சல் விட்டது, எல்லாம் வாசித்தேன். ‘நீயே வாசிப்பாய் என்றுதான் பெரிசு பெரிசாக எழுதச் சொன்னேன்’ என்ற கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை.

“அவ்வளவுதானுங்களா சார்?”

“அவ்வளவுதான்.”

கடிதத்தை வாங்கிக் கடைசி வரியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினாள்.